தியேட்டரா, ஓடிடியா? ஒரிஜினலா, ரீமேக்கா? பார்ப்பதற்கு ஒரு கையேடு

"பெரிய படத்தைத் தியேட்டர்ல பாத்துக்கலாம், சின்னப் படம் நாலு வாரத்துல ஓடிடிக்கு வந்துடும்." பல வீடுகளில் இதுதான் கணக்கு. உண்மையில் இது தலைகீழ்க் கணக்கு. நட்சத்திரப் படம் எப்படியும் சில வாரம் ஓடும். வீட்டில் பாதிக் கவனத்தோடு பார்த்தாலும் அதன் கதை புரிந்துவிடும். வசனம் குறைந்த, மௌனத்தை நம்பி எடுத்த படத்துக்குத்தான் வீடு எமன். பத்தாவது நிமிடத்தில் கை தானாகப் போனை எடுக்கும், கேஸ்காரர் மணி அடிப்பார், "அப்புறம் பாக்கலாம்" என்று நிறுத்திய படத்தை மறுபடி யாரும் தொடங்குவதில்லை.

ஆகவே படத்தின் பட்ஜெட்டைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். எந்தப் படம் எங்கே எதை இழக்கிறது என்று பாருங்கள்.

எதைத் தியேட்டரில் பார்ப்பது

முதலில் ஒலி. படத்தின் பாதி வேலையை ஒலி செய்கிறதா? பேய்ப் படம், கடல், காடு, மழை, கூட்டக் காட்சி நிறைந்த படம், பின்னணி இசையை அடக்கி வைத்து அமைதியில் பயமுறுத்தும் படம் எல்லாம் இதில் சேரும். டிவியின் ஒலிபெருக்கி பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கும். அதில் அமைதி என்பது வெறும் சத்தமின்மை. தியேட்டரில்தான் அமைதிக்கு எடை வரும்.

அடுத்தது கூட்டம். நகைச்சுவைப் படத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சிரிப்பது படத்தின் ஒரு பகுதி. மாஸ் படத்தில் விசில் சத்தத்துக்கு இடம் விட்டேதான் எடிட்டர் வெட்டியிருப்பார். தனியாக வீட்டில் பார்க்கும்போது அந்த இடைவெளிகள் காலியாகக் கிடக்கும். "என்னடா இது, சும்மா நடந்துக்கிட்டே இருக்கான்" என்று தோன்றுவது இதனால்தான்.

மூன்றாவது, உங்கள் பொறுமை. இந்தப் படத்தை நிறுத்தும் பொத்தான் கையில் இருந்தால் முழுதாகப் பார்ப்பேனா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டேன் என்றால் அதற்குத்தான் டிக்கெட் வாங்க வேண்டும்.

இந்த மூன்றில் ஒன்றுக்காவது ஆம் என்றால் தியேட்டர். மூன்றுக்கும் இல்லை என்றால், உதாரணமாக வசனத்தால் நகரும் நீதிமன்றக் கதையோ குடும்பக் கதையோ என்றால், ஓடிடிக்குக் காத்திருப்பதில் பெரிய நஷ்டமில்லை.

நாள் விஷயத்திலும் வழக்கத்தைத் திருப்பிப் போடுங்கள். சின்னப் படம் வெள்ளிக்கிழமை வந்தால் ஞாயிறுக்குள் பாருங்கள். கூட்டம் இல்லையென்றால் திங்கள்கிழமையே காட்சிகளைக் குறைப்பார்கள். அடுத்த வெள்ளி புதுப் படம் வந்ததும் தூக்கிவிடுவார்கள், அல்லது காலைக் காட்சி ஒன்று மட்டும் மிச்சமிருக்கும். பெரிய படத்துக்கு முதல் மூன்று நாள் முண்டியடிக்க வேண்டாம். திங்கள் முதல் வியாழன் வரை நல்ல இருக்கை கிடைக்கும். முதல் நாள் ஆரவாரமே வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் இந்த யோசனை பொருந்தாது. அவர்கள் பார்க்கப் போவது படத்தை அல்ல.

ஓடிடிக்கு எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும்? தமிழ்ப் படங்களுக்கு நான்கு வாரம் என்பது பரவலான வழக்கம். இந்திப் படங்களுக்கு நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் மல்டிப்ளெக்ஸ் நிறுவனங்கள் எட்டு வாரம் கேட்கின்றன. 2023இல் 'லியோ'வின் இந்திப் பதிப்பு அந்த அரங்குகளில் வெளியாகாமல் போனதற்கு இந்த வேறுபாடுதான் காரணம். ஆகவே இந்தி ரீமேக் ஒன்றுக்காகக் காத்திருந்தால் தமிழ்ப் படத்தைவிட இரட்டிப்புக் காலம் ஆகலாம் என்று கணக்கு வையுங்கள்.

பணக் கணக்கு

நான்கு பேர் குடும்பம். டிக்கெட் 190 ரூபாய் என்று வைத்தால் 760. ஆன்லைன் முன்பதிவுக் கட்டணம் தலைக்கு 35 என்றால் 140. வண்டி நிறுத்தம், இடைவேளைத் தீனி எல்லாம் சேர்த்து 600. மொத்தம் 1,500. மாதம் 499 ரூபாய் கட்டும் ஓடிடி சந்தா இதே பணத்தில் மூன்று மாதம் ஓடும். இப்படிப் பார்த்தால் தியேட்டர் தோற்கத்தான் செய்யும். ஆனால் அந்த 600ஐயும் 140ஐயும் உங்களால் குறைக்க முடியும்.

கவுன்ட்டரில் வாங்கினால் முன்பதிவுக் கட்டணம் இல்லை. வார நாள் மாலைக் காட்சிக்கு, வெளியாகி ஒரு வாரம் ஆன படத்துக்கு, கவுன்ட்டரில் தாராளமாகக் கிடைக்கும். வரியும் கவனிக்க வேண்டியது. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் (முன்பு 12). அதற்கு மேல் 18 சதவீதம். பராமரிப்பு நன்றாக இருக்கும் ஒற்றைத் திரை அரங்கு உங்கள் ஊரில் இருந்தால், கணக்கு இன்னும் அதன் பக்கம் சாய்ந்திருக்கிறது. இடைவேளையில் பாப்கார்னை மறந்துவிட்டு, போகும் முன்பே சாப்பிட்டுவிட்டுப் போவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சேமிப்பு. குழந்தைகள் உள்ள வீட்டில் இது நடக்காது என்பதும் தெரிந்ததே.

ஸ்க்ரீனும் இருக்கையும்

ஒரே மல்டிப்ளெக்ஸில் எல்லா ஸ்க்ரீனும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு இருப்பதால், 400 இருக்கை உள்ள பெரிய ஸ்க்ரீனுக்கும் 90 இருக்கை உள்ள குட்டி ஸ்க்ரீனுக்கும் பெரும்பாலும் ஒரே விலைதான். முன்பதிவு செய்யும்போது இருக்கைப் படத்தைத் திறந்து வரிசைகளை எண்ணுங்கள். எந்த நேரக் காட்சியில் அதிக வரிசை இருக்கிறதோ அது பெரிய ஸ்க்ரீன். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

பிறகு அட்மாஸ் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். டால்பி அட்மாஸ் தியேட்டரில் ஒலிபெருக்கிகள் சுவர்களில் மட்டுமல்லாமல் கூரையிலும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒலி அனுப்ப முடியும், அதிகபட்சம் 64 வரை. இந்தியப் படங்களில் இது முதலில் வந்தது 2012இல், 'சிவாஜி'யின் முப்பரிமாணப் பதிப்பில். அதற்கும் முன்னால், 1995இல் வெளியான 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ எஸ்ஆர் ஒலியோடு வந்த முதல் இந்தியப் படம். அது கோவிந்த் நிஹலானியின் 'துரோகால்' என்ற 1994 இந்திப் படத்தின் ரீமேக் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இருக்கைக்கு விதி எளிது. திரையிலிருந்து பின்சுவர் வரை உள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால், நடுவில். அட்மாஸ் அரங்கில் நடுவே உட்காருவது இன்னும் முக்கியம். சுவரோரம் உட்கார்ந்தால் காதுக்குப் பக்கத்தில் உள்ள ஒரே ஒலிபெருக்கி மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். பின் வரிசையின் கடைசி இருக்கைகளும் இதே காரணத்தால் வேண்டாம். கண்ணை நேராக வைத்தால் திரையின் நடுப்பகுதி அல்லது சற்றுக் கீழே தெரிய வேண்டும். திரையின் மேல் விளிம்பைப் பார்க்கக் கழுத்தைத் தூக்க வேண்டியிருந்தால் அது தவறான வரிசை.

முப்பரிமாணப் படம் போடும் அரங்குகளில் சில வெள்ளித் திரை மாட்டியிருக்கும். அதில் சாதாரணப் படம் ஓடும்போது நடுவில் பிரகாசமாகவும் ஓரங்களில் மங்கலாகவும் தெரியும். ஓரத்தில் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம் இருட்டு. அங்கேயும் நடு இருக்கைதான் மருந்து.

முதல் பத்து நிமிடம்

ஒளி, ஒலி சரியில்லை என்றால் இடைவேளை வரை பொறுத்திருந்து புகார் சொல்வதில் பயனில்லை. படம் தொடங்கிய முதல் பத்து நிமிடத்தில் சோதித்துவிட வேண்டும்.

ஃபோகஸைச் சோதிக்க அரசே ஒரு வழி செய்து வைத்திருக்கிறது: புகையிலை எச்சரிக்கை வாசகம். அதன் எழுத்து விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால் லென்ஸ் சாய்ந்திருக்கலாம். முழுக்க மங்கல் என்றால் ஃபோகஸ் விலகியிருக்கிறது. இதை ஆபரேட்டர் அரை நிமிடத்தில் சரிசெய்வார். தணிக்கைச் சான்றிதழையும் விட்டுவிடாதீர்கள். அதில் ஓட்ட நேரமும் வகையும் இருக்கும் (2024 விதிகளுக்குப் பின் யு/ஏ என்பது 7, 13, 16 என்று மூன்று வயதுப் பிரிவாகிவிட்டது). ரீமேக்கை ஒப்பிட நினைப்பவருக்கு அந்த நிமிடக் கணக்கு தேவைப்படும்.

வெளிச்சம்: தரநிலைப்படி சாதாரணப் படத்துக்குத் திரையின் பிரகாசம் 48 நிட் (பிரகாசத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். கண்ணால் அளக்க முடியாது. ஆனால் இரவுக் காட்சியில் முகமே தெரியவில்லை, வெள்ளைச் சட்டை சாம்பல் நிறத்தில் இருக்கிறது என்றால் புரொஜெக்டர் விளக்கு பழசாகியிருக்கும், கேபின் கண்ணாடியில் தூசி படிந்திருக்கும், அல்லது முந்தைய காட்சிக்குப் போட்ட முப்பரிமாண வடிகட்டியை எடுக்க மறந்திருப்பார்கள். கடைசியாகச் சொன்னதை மட்டும் அப்போதே சரிசெய்ய முடியும், அதனால் சொல்லிப் பாருங்கள்.

ஒலியில் அடிக்கடி நடப்பது இது: இசை இடிக்கும், வசனம் கேட்காது. வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் இருக்கும் நடு ஒலிபெருக்கியிலிருந்துதான் வரும். அது பழுதானால் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். இன்னொரு காரணம், சத்தம் அதிகம் என்று யாரோ முந்தைய காட்சியில் புகார் சொன்னதால் ஒலி அளவைக் குறைத்துவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். டால்பி கருவியில் 7 என்பது தரநிலை. 4, 5 என்று வைத்து ஓட்டும் அரங்குகள் ஏராளம். "வசனம் கேக்கல, கொஞ்சம் ஏத்துங்க" என்று வாசலில் நிற்கும் ஊழியரிடம் போய்ச் சொல்லுங்கள். இருக்கையிலிருந்து கத்துவதால் கேபினுக்கு எதுவும் போய்ச் சேராது.

வீட்டில் பார்க்கும்போது

தூரத்திலிருந்து தொடங்கலாம். நம் கூடங்களில் 43 அங்குல டிவியைச் சுவரில் மாட்டி, எதிர்ச்சுவரில் சோபாவைப் போடுவார்கள். இடைவெளி மூன்று மீட்டர். அங்கிருந்து பார்த்தால் திரை நம் பார்வையில் 18 டிகிரிதான் நிரப்பும். சினிமாவாகத் தெரிய குறைந்தது 30 டிகிரி வேண்டும். அதற்கான கணக்கு: திரையின் மூலைவிட்ட அளவை 1.6 ஆல் பெருக்குங்கள். 43 அங்குலத்துக்கு சுமார் 175 சென்டிமீட்டர், 55 அங்குலத்துக்கு 225. இன்னும் நெருங்கி, 1.2 மடங்குத் தூரத்துக்குப் போனால் 40 டிகிரி. பெரிய டிவி வாங்கும் முன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு படம் பாருங்கள், செலவு மிச்சமாகலாம். சினிமாஸ்கோப் படம் என்றால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து டிவியின் உயரத்தில் கால்வாசி வீணாகும். நெருங்கி உட்கார அதுவும் ஒரு காரணம்.

அடுத்து டிவி அமைப்பு. கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகப் போட்ட 'விவிட்', 'டைனமிக்' நிலையிலேயே பல டிவிகள் ஆயுள் முழுக்க ஓடுகின்றன. ஒருமுறை உட்கார்ந்து இவற்றை மாற்றினால் போதும்:

1. படநிலையை 'சினிமா', 'மூவி' அல்லது 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்று வையுங்கள். முதல் அரை மணி நேரம் மஞ்சளாகத் தெரியும். கண் பழகிவிடும். பழைய நீலம்தான் தவறு.

2. அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ'. சினிமா ஒரு விநாடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்). டிவி இடையில் போலிச் சட்டகங்களைச் செருகுவதால்தான் கோடி ரூபாய்ப் படமும் மெகா சீரியல் மாதிரி தெரிகிறது.

3. 'ஷார்ப்னெஸ்' அளவைக் குறையுங்கள். முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு மறையும் வரை.

4. அறை விளக்கை அணைத்துவிட்டு, டிவிக்குப் பின்னால் ஒரு சிறு விளக்கு மட்டும் எரியட்டும். முழு இருட்டு கண்ணை உறுத்தும். டியூப்லைட் வெளிச்சமோ இரவுக் காட்சிகளைத் தின்றுவிடும்.

சவுண்ட்பார் வாங்குவதானால் 2.1 வேண்டாம், 3.1 பாருங்கள். அந்தக் கூடுதல் ஒன்று வசனத்துக்கான நடு ஒலிபெருக்கி. வீட்டில் பெரும்பாலானோரின் குறை வசனம் கேட்கவில்லை என்பதுதான், குண்டுவெடிப்பு போதவில்லை என்பதல்ல. ஹெச்டிஎம்ஐ துளைகளில் 'ஆர்க்' அல்லது 'ஈஆர்க்' என்று எழுதியதில்தான் இணைக்க வேண்டும். டிவியின் ஒலி வெளியீடு 'பிசிஎம்' என்று இருந்தால் பல டிவிகளில் 5.1 ஒலி வெறும் ஸ்டீரியோவாகிவிடும். 'ஆட்டோ' அல்லது 'பாஸ்த்ரூ'வுக்கு மாற்றுங்கள். இரவில் அக்கம்பக்கத்துக்கு அஞ்ச வேண்டியிருந்தால் 'நைட் மோட்' போடலாம். உரத்த ஒலி அடங்கும், மெல்லிய வசனம் எழும்பும்.

இணையம்: நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் அளவு, 1080பி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15. டேட்டா கணக்கில், ஹெச்டி மணிக்கு 3 ஜிபி வரை, 4கே 7 ஜிபி வரை தின்னும். இரண்டே முக்கால் மணி நேரப் படத்தை 4கேயில் பார்த்தால் 19 ஜிபி. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் டிவியை ஓட்டுபவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். வேகம் இருந்தும் படம் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் காரணம் மூன்றில் ஒன்று. சந்தா திட்டமே குறைந்த தரத்துக்கானதாக இருக்கலாம். கணக்கின் அமைப்பில் டேட்டா சிக்கனம் போட்டிருக்கலாம். போனில் பார்க்கிறீர்கள் என்றால், படத்தை நகலெடுக்காமல் தடுக்கும் 'வைட்வைன்' பாதுகாப்பில் உயர்நிலையான 'எல்1' இல்லாமல் 'எல்3' மட்டும் அதில் இருக்கலாம். அப்படிப்பட்ட போனில் திரை எவ்வளவு நல்லதானாலும் பல தளங்களில் 480பிக்கு மேல் ஏறாது. நெட்ஃபிளிக்ஸ் செயலியின் அமைப்பில் 'பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்' பகுதியில் இது தெரியும்.

இடைவேளையை நீங்களே விடுங்கள். நம் படங்கள் இரண்டு பாதிகளாக எழுதப்படுபவை. இடைவேளைத் திருப்பத்துக்குப் பின் பத்து நிமிடம் மூச்சு விட்டுத்தான் இரண்டாம் பாதி தொடங்க வேண்டும். ஓடிடியில் பல படங்களில் அந்த அட்டை அப்படியே இருக்கும். வந்ததும் நிறுத்துங்கள், டீ போடுங்கள். அதற்கு முன்னால் நிறுத்தாதீர்கள்.

ரீமேக்கை எப்படிப் பார்ப்பது

"ஒரிஜினல் மாதிரி வராது" என்று சொல்வது எளிது. அப்படிச் சொல்பவர்களில் பாதிப் பேர் முதலில் பார்த்ததையே ஒரிஜினல் என்கிறார்கள். 'கில்லி' (2004) பார்த்து வளர்ந்தவருக்கு அதன் தெலுங்கு மூலமான 'ஒக்கடு' (2003) நகலாகத் தெரியும். ஆகவே ஒப்பிடும் முன் எதை முதலில் பார்ப்பது என்று தீர்மானியுங்கள்.

கதை ஒரு ரகசியத்தில் தொங்குகிறது என்றால் முதல் தடவை ஒன்றைத்தான் உண்மையாகப் பார்க்க முடியும். அந்த முதல் தடவையை மூலத்துக்குக் கொடுங்கள், ரீமேக் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. ரகசியம் இல்லாத கதை என்றால், அதாவது காதல், துரத்தல், விளையாட்டு என்றால், வரிசை முக்கியமில்லை. எது இப்போது தியேட்டரில் இருக்கிறதோ அதை முதலில் பாருங்கள். தெரிந்த கதைதான் கூட்டத்தோடு பார்க்கச் சிறந்தது. 2024 ஏப்ரல் 20இல் 'கில்லி' மறுபடி வெளியானபோது அரங்குகள் நிறைந்தன. வந்தவர்களுக்கு ஒவ்வொரு வசனமும் மனப்பாடம். சேர்ந்து சொல்லத்தான் வந்தார்கள்.

அடுத்து, பதிப்பைச் சரிபாருங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். டிவி சேனலில் வருவது வெட்டிய பதிப்பாக இருக்கலாம். 'ஏ' சான்றிதழ் படத்தை மறுபடி தணிக்கை செய்து குறைத்த பிறகுதான் சேனலில் போட முடியும். டப்பிங் பதிப்பை வைத்து மூலத்தை எடைபோடுவதும் தவறு. ஓடிடியில் உங்கள் கணக்கின் மொழிக்கேற்பத் தமிழ் டப்பிங் தானாக ஓடத் தொடங்கும். ஒலிப் பட்டியலைத் திறந்து மூலமொழியைத் தேர்ந்தெடுத்து, சப்டைட்டில் போடுங்கள். மலையாளம் என்றால் இரண்டு படம் பார்த்த பிறகு சப்டைட்டிலே பாதி தேவைப்படாது. எந்தத் தளத்தில் இருக்கிறது என்று தேட ஜஸ்ட்வாட்ச் போன்ற தேடல் தளம் உதவும்.

முதல் படத்தைக் குறிப்பெடுக்காமல் பாருங்கள். இரண்டாவதை அதே வாரத்தில், ஆனால் அதே நாளில் அல்லாமல் பாருங்கள். ஒரே நாளில் பார்த்தால் இரண்டாவது படம் வெறும் விடைத்தாள் திருத்தமாகிவிடும். ஒரு மாதம் விட்டால் நினைவு முதல் படத்தை அழகுபடுத்திவிடும். இரண்டாவதைப் பார்க்கும்போது காகிதத்தில் ஐந்து நேரங்களை எழுதுங்கள்: நாயகன் அறிமுகம், சிக்கல் தொடங்கும் இடம், இடைவேளை, உண்மை வெளிப்படும் இடம், முடிவு. பிறகு முதல் படத்தை ஓட்டி அதே ஐந்தை எழுதுங்கள். கால் மணி நேர வேலை. ரீமேக் எங்கே ஊதியிருக்கிறது, எங்கே அவசரப்பட்டிருக்கிறது என்பது இந்தப் பத்து எண்களில் தெரிந்துவிடும்.

'பிங்க்' (2016) இரண்டே கால் மணி நேர இந்தி நீதிமன்றப் படம். அதன் தமிழ் வடிவமான 'நேர்கொண்ட பார்வை' (2019) அதைவிட இருபது நிமிடத்துக்கும் மேல் நீளம். அந்த நேரம் எங்கே போனது என்று பார்த்தால் நாயகனுக்கு ஒரு சண்டைக் காட்சியும், மனைவியாக வித்யா பாலன் வரும் பின்கதையும் கிடைக்கும். அந்த நிமிடங்களை உருவிவிட்டால் வழக்கு நிற்குமா? நிற்கும். ஆக அது நட்சத்திர வரி. ஆனால் அந்த வரியைக் கட்டியதால்தான், 'வேண்டாம்னா வேண்டாம்' என்ற வாதம் இந்திப் படமே பார்க்காத ஊர்களின் முதல் நாள் கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வரி நியாயமா என்பதில் இரண்டு கருத்து இருக்கலாம், வாங்கியது என்ன என்பதில் இல்லை.

நிமிடக் கணக்கைவிட முக்கியமானது, கதையின் வேர் எந்த மண்ணில் ஊன்றப்பட்டிருக்கிறது என்பது. ஊர், தொழில், வட்டார மொழி, சாப்பாடு, சாமி என ஒவ்வொன்றுக்கும் பதிலீடு என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மலையாள 'த்ருஷ்யம்' (2013) குடும்பம் ஒரு கிறிஸ்தவத் தியானக் கூட்டத்துக்குப் போனதாகப் போலீசிடம் சொல்லும். 2015இன் இந்தி வடிவத்தில் அது கோவாவின் பனாஜியில் நடக்கும் சத்சங்கம். இரண்டுமே கூட்டத்தில் முகம் கரைந்துபோகும் இடம், இரண்டுமே சந்தேகப்பட யாரும் துணியாத இடம். நல்ல பதிலீடு. தமிழில் 'பாபநாசம்' (2015) எடுத்தபோது இயக்குநர் ஜீத்து ஜோசஃபேதான். ஆனால் வசனம் ஜெயமோகன், பேச்சு நெல்லைத் தமிழ். காட்சிகள் ஏறக்குறைய அதேதான், ஆனால் கமல் வாய் திறந்ததும் அந்தக் கேபிள் டிவிக்காரர் வேறு மனிதராகிவிடுகிறார். படம் கால் மணி நேரத்துக்கு மேல் நீண்டதற்கு இந்தப் பேச்சும் ஒரு காரணம். சிலருக்கு அது இழுவை. நெல்லைக்காரர்களுக்கு அது சொந்த வீடு.

இன்னும் கூர்மையான பாடம் 'மணிச்சித்ரதாழு' (1993). அதில் நாயகிக்குள் புகும் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வந்த தமிழ் நடனக்காரி. மலையாள வீட்டுக்குள் திடீரென்று தமிழ் ஒலிப்பதுதான் அங்கே பயம். கதை தமிழுக்கு வந்தபோது தமிழ் எப்படிப் பயமுறுத்தும்? 'சந்திரமுகி'யில் (2005) அவள் தெலுங்குக்காரியானாள். இந்தியில் 'பூல் புலையா' (2007) அவளை வங்காளி ஆக்கியது. கதையின் பூட்டு 'பக்கத்து மொழி' என்பதைப் புரிந்துகொண்ட ரீமேக்குகள் இவை. சாவியை மட்டும் மாற்றினார்கள். தமிழர்கள் மலையாள மூலத்தைப் பார்க்கும்போது இன்னொரு விசித்திரம் நடக்கும்: எல்லோரும் அஞ்சும் அந்தக் குரல் நமக்கு மட்டும் புரியும்.

இப்படிப் பதிலீடு தேடும் கண் வந்துவிட்டால் 'ஒக்கடு'வின் சார்மினார் 'கில்லி'யில் சென்னைக் கலங்கரை விளக்கமாகவும், கர்நூல் மதுரையாகவும் மாறியதன் துல்லியம் பிடிபடும். இரண்டிலும் வில்லன் பிரகாஷ்ராஜ்தான். ஒரே நடிகர் ஒரே பாத்திரத்தை இரண்டு மண்ணில் செய்திருப்பதால், ஒப்பிட்டுப் பழக இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. 'குருதிப்புனல்' வேறு வகை. கதையை அதிகம் தொடாமல், பி.சி. ஸ்ரீராமின் ஒளியும் புதிய ஒலியும் ஒரே கதையை எவ்வளவு இறுக்க முடியும் என்று காட்டிய ரீமேக். அதைப் பார்ப்பதானால் நல்ல ஹெட்போனாவது வேண்டும்.

ஒரே இயக்குநர் தன் படத்தையே மறுபடி எடுக்கும்போது பெரும்பாலும் பளபளப்பு கூடும், மண் குறையும். வட சென்னையில் நடந்த 'விக்ரம் வேதா' (2017) இந்தியில் லக்னோவுக்கும் கான்பூருக்கும் போனபோது புஷ்கர்-காயத்ரிக்கு நேர்ந்தது அதுதான். 'சூரரைப் போற்று' இன்னும் விசித்திரமான கதை. 2020 நவம்பர் 12இல் நேரடியாகப் பிரைமில் வந்தது, ஆகவே மூலம் வீட்டுப் படம். அதன் இந்தி வடிவமான 'சர்ஃபிரா' 2024 ஜூலை 12இல் தியேட்டருக்கு வந்தது. பெரிய திரைக்காகக் கட்டப்பட்ட அந்த விமானக் காட்சிகளை முறையான அரங்கில் பார்க்க வேண்டும் என்று ஏங்கியவர்களுக்கு ரீமேக்தான் வாய்ப்பு. ஆனால் மதுரைப் பக்கத்துச் சோழவந்தான் போய், மகாராஷ்டிரக் கிராமம் வந்திருந்தது. கதைக்கு அடிப்படையான கேப்டன் ஜி.ஆர். கோபிநாத் கர்நாடகக்காரர் என்பதால், தமிழ் 'மூலமே' ஒரு இடமாற்றம்தான் என்பதையும் மறக்க வேண்டாம். இப்படி ஒரே இயக்குநரின் இரட்டைப் படங்களில், ஒப்பிடும் நோக்கம் இல்லாதவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். முதலில் எடுத்ததோடு.

ரீமேக்கே தேவைப்படாமல் போகும் படங்களும் கூடிவருகின்றன. 'பிரேமம்' (2015) சென்னையில் மலையாளத்திலேயே 200 நாளைத் தாண்டி ஓடியது. 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' தமிழ்நாடெங்கும் நேரடியாகவே கூட்டம் சேர்த்தது. அப்படிப்பட்ட படத்துக்குப் போகும்போது முன்பதிவுப் பக்கத்தில் சப்டைட்டில் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாக் காட்சிக்கும் இருக்காது. வழக்கமான இருக்கையிலிருந்து இரண்டு வரிசை பின்னால் போங்கள். எழுத்தையும் முகத்தையும் ஒரே பார்வையில் பிடிக்கலாம். தரை சாய்வு குறைந்த பழைய அரங்கு என்றால் பால்கனிதான், கீழே உட்கார்ந்தால் முன்னால் இருப்பவரின் தலை சப்டைட்டிலின் நடுப் பகுதியை மறைத்துவிடும்.